நாலாம் காம்பராவின் இரைச்சல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், மின்சாரத்துக்கென்று ஒரு சத்தம் இருந்தது. பொழுது சாய்ந்து பன்னிரண்டு காம்பராவிலும் விளக்கு எரியத் தொடங்கியதும் டியூப் லைட் சோக்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து முனகும். குண்டு பல்பு வைத்திருந்த வீடுகளில் வெளிச்சம் பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு இறங்கிவிடும். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அப்படித்தான். அந்த முனகலை நாங்கள் யாரும் காதில் வாங்கியதில்லை. அப்பா வாங்கினார். "கரண்டு தள்ளாடுது" என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அப்பா இஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, இஸ்டோர்தான். வாடிய கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் ரோலர்கள் சுற்றுகிற அறை அவருடையது. எல்லா ரோலரும் ஒரே நேரத்தில் இரையும் இடத்தில் நின்று, மூன்றாவதின் பெயரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். டீமேக்கர் ஐயா சில நாள் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டுக் கேட்பார், "இது என்னப்பா சத்தம்?" என்று. அந்தக் காதின் அருமை எனக்குப் பதினெட்டு வயது வரைக்கும் விளங்கவில்லை. ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போன நாளில்தான் விளங்கியது.

எங்கள் ஊரான பூண்டுலோயாவில் என் விரல் பட்ட முதல் கிட்டார் சேர்ச்சில் இருந்தது. நாங்கள் மாரியம்மன் கோயில்காரர்கள். ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்த பிறகு அங்கே பாட்டுப் பழக்கிய அண்ணன் ஒருவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஈ மைனர், ஜி, டி என்று விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் நிலவைப் பாடும் பாட்டுக்கு வருகிற கிட்டாரை எப்படியாவது வாசித்துவிட வேண்டும் என்றுதான் முதலில் போனேன். 1982இல் வந்த படம், நான் பிறப்பதற்கு ஒன்பது வருசம் முந்தியது. அந்தக் கிட்டார் மட்டும் லயத்துக்கு நேற்றுத்தான் வந்ததுபோல ஒவ்வொரு காம்பராவின் ரேடியோவிலும் இருந்தது.

ஆனால் எனக்கு எலக்ட்ரிக் கிட்டார்தான் வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் சினிமாப் பாட்டு இல்லை. ஐந்தாம் காம்பராவில் இருந்த பாட்டி.

லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் மூன்று வீட்டுக்கு வாசம் போகும், ஒருவர் இருமினால் நாலாவது வீட்டில் "தண்ணி குடி" என்று குரல் வரும். அந்தத் திறப்பு வழியாகத்தான் பாட்டி ஒப்பாரி சொல்வது எனக்குக் கேட்கும். மகன் செத்துப் பதினைந்து வருசமாகியும், மழை விடாமல் பெய்யும் ஆடி மாத ராத்திரிகளில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்து மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, லயம் லயமாகப் போய் இந்த மாதிரிப் பாட்டுகளைத்தான் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். சொல்லை அவர் எழுதி வைத்துவிட்டார். பாட்டியின் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகாமல் நடுவில் எங்கோ நின்று நடுங்குமே, அதை எழுதி வைக்க முடியாது. நான் அதைச் சேர்ச் கிட்டாரில் தேடினேன். கிடைக்கவில்லை. தடித்த கம்பி. ஃபிரெட்டில் விரலை அழுத்தி எவ்வளவு பலமாக மேலே தள்ளினாலும் அரைச் சுரம்கூட ஏறாது, விரல்தான் கிழியும்.

"எலக்ட்ரிக்கில கம்பி நூல் மாதிரி இருக்கும், வளைச்சா வளையும்" என்று அந்த அண்ணன் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா மறுக்கவில்லை. அவர் சின்னப் பையனாக இருந்த எழுபதுகளில் பொப்பிசைப் பாட்டு தீப்பற்றியதுபோல நாடெங்கும் பரவியிருந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் ரேடியோவில் வராத நாள் கிடையாது. தலவாக்கலையில் ஒரு திருவிழாவில் கிட்டாரில் வயர் செருகி வாசித்ததை அப்பா தன் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தாராம். வயர் எங்கே போகிறது என்று மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம். சிங்களப் பாட்டுக்குள் எலக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்த கிளாரன்ஸ் விஜேவர்தன ஹப்புத்தளையில் பிறந்தவர், மலைக்காற்று குடித்தவர். இந்த வாத்தியம் நமக்கு அந்நியமில்லை என்பதில் அப்பாவுக்கு என்னைவிட உறுதி இருந்தது.

சல்லிதான் கேள்வி. 2009 செப்டம்பரில் கூட்டு ஒப்பந்தம் புதுப்பித்து நாட்சம்பளம் 405 ரூபா ஆகியிருந்தது. அடிப்படை 285, வருகைக்கு 90, விலைக்கொடுப்பனவு 30. மாதத்தில் முக்கால்வாசி நாள் வேலைக்குப் போனவருக்குத்தான் அந்த 90. அப்பாவின் தீபாவளி அட்வான்ஸ், அம்மாவின் சீட்டுக்காசு, லீவில் நான் கடையில் நின்று சேர்த்தது எல்லாம் கூட்டி 23,000 ரூபா. அம்மா எதையும் ரூபாவில் யோசிக்க மாட்டார், பேரில்தான் யோசிப்பார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். "அம்பத்தேழு பேர்" என்றார் மெதுவாக. பிறகு காசை ஒரு சட்டைத்துணியில் முடிந்து அப்பாவிடம் கொடுத்தார். கூடவே தன்னுடைய கம்பளியையும் மடித்துக் கொடுத்தார், மழைக்கு மலையில் போடுகிற கம்பளி. "சாமானைச் சுத்திக் கொண்டாங்க, பனி படக்கூடாது."

தலவாக்கலையில் இரவு மெயிலில் ஏறி விடியுமுன்னே கொழும்புக் கோட்டையில் இறங்கினோம். போர் முடிந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, வழியெல்லாம் சோதனை. அப்பா அடையாள அட்டையைச் சட்டைப் பையின் மேல்விளிம்பில் தெரிகிற மாதிரியே வைத்துக்கொண்டு நடந்தார். பெட்டாவில் கடையில் நின்ற சித்தப்பா எங்களை முதலாம் குறுக்குத் தெருவுக்குக் கூட்டிப் போனார்.

முதல் கடையில் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தது. சிவப்புக் கிட்டார், 10 வாட் ஆம்ப், வயர், தோள்பட்டி, இரண்டு பிக். 21,500 ரூபா. அந்தச் சிவப்பை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கிட்டாரை வாங்கி, வாசிப்பதற்குப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்காமல், துப்பாக்கி குறி பார்ப்பதுபோல கன்னத்தில் வைத்து, உடம்புப் பக்கமிருந்து தலைப்பக்கம் வரைக்கும் தண்டை ஒரு கண்ணால் பார்த்தார். இஸ்டோரில் சாஃப்ட் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. "தண்டு முறுக்கியிருக்கு தம்பி" என்றார். பிறகு கம்பி சுற்றும் ஆணிகளை ஒவ்வொன்றாகத் திருகி, விட்டு, திருகிப் பார்த்தார். "இது புடிச்சு நிக்காது. நட்டு தின்ன போல்ட்டு மாதிரி வழுக்குது."

பல வருசத்துக்குப் பிறகு, ஒழுங்காகக் கிட்டார் பழகிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது, மலிவுக் கிட்டாரில் முதலில் பார்க்க வேண்டியவை அவை இரண்டும்தான் என்று. பெயின்ட் கீறியிருந்தால் குடி முழுகாது. பிக்கப்பை மாற்றலாம், கம்பியை மாற்றலாம். தண்டு முறுக்கினால் சரிசெய்வது லேசில்லை. வளைவை உள்ளே ஓடுகிற இரும்புக் கம்பியைத் திருகி நேராக்கலாம், முறுக்கலை அப்படி நேராக்க முடியாது. ஆணி வழுக்கினால் எவ்வளவு அழகாக வாசித்தாலும் பாட்டு பாதியில் பேதலித்துவிடும்.

நான் அழாக்குறையாக நின்றேன். சித்தப்பா இன்னொரு இடம் தெரியும் என்று சொல்லி, இசைக்குழுக்காரர்கள் பழைய வாத்தியங்களைக் கொண்டுவந்து விற்கிற ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரில் ஒரு யமஹா பசிஃபிகா தொங்கியது. 112 வரிசை. பசிஃபிகா 1990இலிருந்து வருகிற வகை, இந்த 112 புதிதாக வாங்குபவனை நம்பிச் செய்தது. கருநீலம், விளிம்பில் பெயின்ட் போய் மரம் தெரிந்தது. 17,000 சொன்னார்கள். அப்பா கண்ணை வைத்துப் பார்த்தார். நேர்க்கோடு. கடைக்காரர் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் விரலை லேசாகத் தொட்டு மணிச்சத்தம் எழுப்பினார், பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசித்துக் காட்டினார். இரண்டும் ஒரே சுருதி. "கம்பி நீளம் சரியா நிக்குது, மேல போனாலும் அபசுரம் வராது" என்றார். ஒவ்வொரு ஃபிரெட்டாக ஆறு கம்பியையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். எங்கும் கரகரக்கவில்லை.

அப்புறம் ஆம்பில் வயரைச் செருகினார்.

அந்த நிமிசத்தில் கடை நிறைய ஒரு இரைச்சல் எழுந்தது. கம்பியைத் தொடுவதற்கு முன்னாலேயே எழுந்த இரைச்சல். எனக்கு அது சந்தோசமாக இருந்தது, உயிர் வந்த மாதிரி. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். கையை உயர்த்தி எல்லாரையும் பேசாமல் இருக்கச் செய்தார். பிறகு சொன்னார்: "இதுல ரெண்டு சத்தம் இருக்கு."

கடைக்காரர் அவரைப் பார்த்தார். அப்பா மேலே கைகாட்டி, "அந்த டியூப் லைட்டைக் கொஞ்சம் அணைங்க" என்றார். அணைத்தார்கள். இரைச்சலில் பாதி இறங்கிவிட்டது. "ஒண்ணு போயிருச்சு. மத்தது இருக்கு." கடைக்காரர் சிரித்துக்கொண்டே கிட்டாரில் இருந்த சின்ன நெம்பைப் பின்பக்கம் தள்ளினார். லைட்டை மறுபடி போட்டார். இப்போது லைட் எரிந்தும் அந்த முதல் சத்தம் வரவில்லை.

காரணத்தை அவர் அப்பாவுக்குத்தான் சொன்னார், எனக்கில்லை. கம்பிக்குக் கீழே இருக்கிற பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புச்சுருள். கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் எழும். ஆனால் சுருளுக்குக் கம்பியும் சோக்கும் ஒன்றுதான். நம் கரண்ட் வினாடிக்கு ஐம்பது தரம் போய்த் திரும்புகிறதே, அந்தத் திரும்பலையும் வாங்கிக்கொள்ளும். ஒற்றைச் சுருளென்றால் அப்படியே வாங்கும். பின்பக்கம் இருப்பது இரட்டைச் சுருள், ஹம்பக்கர். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிராக வைத்திருக்கும். வெளியே இருந்து வருகிற முனகல் ஒன்றையொன்று தின்றுவிடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். கிப்சன் கம்பனியில் சேத் லவர் என்பவர் 1955இல் கண்ட யோசனை. அப்பா அதைக் கேட்டுத் தலையசைத்த விதம் எனக்கு மறக்காது. எங்கள் லயத்தில் ஏழு மணிக்கு முனகுகிற சோக்கெல்லாம் அவர் மனசுக்குள் ஓடியிருக்க வேண்டும். "அப்ப இது எங்க லயத்துக்கு ஏத்ததுதான்" என்றார்.

அவருக்குக் கிட்டாரில் ஒரு சுரம் வாசிக்கத் தெரியாது. லியோ ஃபெண்டருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர் செய்தார். உலகத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் வாசிக்கிற உருவம் அது, எங்கள் பசிஃபிகாவும் அதன் வழி வந்ததுதான். இதை நான் படித்தபோது அப்பா இல்லை. சொல்லியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

வழிச்செலவு போக ஆம்புக்கு 5,500 ரூபாதான் மிச்சம். இருபது வாட் ஒன்று இருந்தது, எனக்கு அதன் மேல்தான் கண். இரண்டு மடங்கு வாட் என்றால் இரண்டு மடங்கு சத்தம் என்று நினைத்தேன். காதுக்கு அப்படி இல்லை, கூடுவது 3 டெசிபல்தான், கொஞ்சம் உரக்கப் பேசுகிற அளவு. அப்பா வாட்டைக் கேட்கவே இல்லை. முன்பக்கத்தில் இருந்த சின்னத் துளையைக் காட்டி, "இது காதுல போடுறதுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் 10 வாட்டை எடுத்துவிட்டார். "எட்டாம் காம்பரா நைட் சிஃப்ட். பகல்ல தூங்குற ஆளு." கடைசியில் கடைக்காரர் எந்தக் கம்பி வேண்டும் என்று கேட்டபோது மட்டும் நான் பேசினேன். ஒன்பதாம் நம்பர், அங்கே இருந்ததிலேயே மெல்லியது. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போதும் இரவு மெயில். தலவாக்கலையில் இறங்கியபோது நடுச்சாமம் தாண்டியிருந்தது, முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. ஸ்டேசன் பெஞ்சில் அப்பா தன் கோட்டைக் கழற்றி ஆம்புக்குப் போர்த்தினார். கிட்டாருக்கு அம்மாவின் கம்பளி. கொழுந்துக் கறையும் புகையும் கலந்த அந்தக் கம்பளி வாசம் கிட்டாரின் உடம்பில் ஏறிவிட்டது. இன்றைக்கும் மழைநாளில் அதன் பின்மூடியைக் கழற்றினால் எனக்கு அந்த வாசம் வரும்.

வீட்டில் செருகிய முதல் ராத்திரியிலேயே அப்பா சொன்ன இரண்டாவது சத்தம் வந்தது. கம்பியைத் தொட்டால் குறையும், விட்டால் கூடும். உதட்டுக்குப் பக்கத்தில் கம்பி பட்டால் சுருக்கென்று இருக்கும். லயத்து பிளக்கில் இரண்டு துளைதான், எர்த் கிடையாது. அடுத்த நாள் இஸ்டோர் எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து, லயத்துக்குப் பின்னால் கானுக்குப் பக்கத்தில் ஐந்தடி இரும்புக் குழாய் ஒன்றை அடித்து இறக்கி, அதிலிருந்து பச்சை வயர் இழுத்து மூன்று துளை பிளக் போட்டார்கள். சத்தம் விழுந்தது. தை, மாசியில் மண் காய்ந்தால் மறுபடி வரும். காய்ந்த மண் கரண்டை வாங்காது. ஆகவே அந்த இரண்டு மாதமும் வேலை முடிந்து வந்த கையோடு அப்பா பீலியில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து அந்தக் குழாயின் தலையில் ஊற்றுவார். பூச்செடிக்கு ஊற்றுவதுபோல, சுற்றிச் சுற்றி. ஊற்றிவிட்டு உள்ளே வந்து, "ம், போடு" என்பார்.

காதில் போடுகிற துளைக்கு அவ்வளவு வேலை இருக்கவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் திரும்பி வருகிற நாலரை மணிக்கும் விளக்கு வைக்கிற நேரத்துக்கும் நடுவே எட்டாம் காம்பரா அண்ணனே எழுந்து வந்து வாசலில் குந்திக்கொள்வார். சுவருக்கு மேலே இருந்த திறப்பு வழியாக 10 வாட் பன்னிரண்டு வீட்டுக்கும் போதும். யாராவது அடுப்படியிலிருந்தே பாட்டுப் பேர் சொல்வார்கள். தப்பாக வாசித்தால் அடுத்த காம்பரா சரியான வரியைப் பாடிக் காட்டும். அம்மா என் இடதுகை விரல்நுனியைத் தடவிப் பார்த்து, "எனக்கு மாதிரியே காய்ச்சுப் போச்சே" என்றார். அவருக்குக் கொழுந்து கிள்ளிக் காய்த்தது.

பாட்டியின் ஒப்பாரியை நான் மூன்று மாதம் தேடினேன். மூன்றாவது கம்பியை ஏழாம் ஃபிரெட்டில் பிடித்து, மேலே தள்ளி, முழுச் சுரம் ஏறுமுன் நிறுத்தி நடுக்கினால் அந்த இடம் வந்தது. மழை பெய்த ஒரு ராத்திரி வாசித்தேன். பக்கத்துக் காம்பராவில் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாள் காலையில் பாட்டி ஒரு ரொட்டித் துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போனார்.

எல்லாம் போய்விட்டது. பாட்டி 2012இல், அப்பா 2016இல். 2018 ஆகஸ்டில் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் 404 வீடுகளோடு மகாத்மா காந்திபுரம் திறந்தது. எங்கள் லயத்துச் சனமும் ஒவ்வொரு குடும்பமாக வேறு வேறு திட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீட்டுக்குப் போனது. வேண்டிப் போராடிப் பெற்ற வீடுகள், அதில் எனக்கு மாற்றுக் கருத்துக் கிடையாது. மழைக்கு ஒழுகாத கூரைக்குக் கீழே அம்மா தூங்குகிறார். சுவர் கூரை வரைக்கும் போகிறது. அந்த வீட்டில் ஐம்பது வாட் வைத்தாலும் யாருக்கும் இடைஞ்சலில்லை, யாரும் அடுப்படியிலிருந்து பாட்டுப் பேர் சொல்வதுமில்லை. பையன்கள் கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் நிற்கிறார்கள். 2021இல் ஆயிரம் ரூபாவான நாட்சம்பளம் கையில் நிலைக்குமுன், 2022 மார்ச்சில் ரூபா விழுந்து மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது. கப்பலில் வருகிற கிட்டார் எத்தனை பேர் ஆகிறது என்று அம்மா இப்போது கணக்குப் பார்ப்பதில்லை.

அக்கா மகன் பார்க்கிறான். பதினாறு வயது. போன மாதம் ஒரு பெட்டியின் படத்தை அனுப்பி, இது நல்லதா மாமா என்று கேட்டான். சிவப்புக் கிட்டார். நான் நேரில் வருகிறேன், அதுவரை வாங்காதே என்று சொன்னேன். கொழும்புக்கு அவனைக் கூட்டிப்போய், தண்டை ஒரு கண்ணால் பார்க்கக் காட்டிக் கொடுத்து, கடையில் லைட்டை அணைக்கச் சொல்லி, பழைய கிட்டார் ஒன்றையே வாங்கி வந்தோம். ஆம்ப் வாங்கவில்லை. என்னுடைய 10 வாட்டைக் கொடுத்துவிட்டேன்.

புது வீட்டில் அதைச் செருகினான். மூன்று துளை பிளக், நல்ல எர்த், எல்ஈடி பல்பு. ஆம்ப் மூச்சுக்கூட விடவில்லை. அவ்வளவு சுத்தம். "என்ன மாமா, சரியா?" என்றான். சரி என்றேன்.

பின்னேரம் பழைய லயத்துப் பக்கம் தனியாக நடந்தேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு குடும்பம் மட்டும் இன்னும் இருக்கிறது. எங்கள் நாலாம் காம்பராவுக்குக் கதவில்லை. பின்னால் கானுக்குப் பக்கத்தில் புல்லை விலக்கிப் பார்த்தேன். குழாயின் தலை நாலு விரல் அளவுக்கு வெளியே தெரிந்தது, துரு ஏறி, வயர் இல்லாமல். மாசி மாதம், மண் வெடித்துக் கிடந்தது. அந்த இரண்டு குடும்பத்தில் ஒரு வீட்டில் வாளி கேட்டு வாங்கி, பீலிக்குப் போய் நிறையப் பிடித்துவந்து, சுற்றிச் சுற்றி ஊற்றினேன்.